வலப்பக்க வலி: ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் குடல்வால் நோய்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் இருபத்திரண்டு வயதுப் பையன் குடல்வால் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தால், பார்க்க வருகிறவர்களில் ஒருவராவது கட்டாயம் சொல்வார்: "ரோட்டுக்கடையில தின்னுக்கிட்டே இருந்தா வேற என்னடா ஆகும்?" பையன் கொஞ்சம் பருமனாக இருந்துவிட்டால், "உடம்பைக் குறைன்னு சொன்னா கேட்டாத்தானே" என்று இன்னொருவர் சேர்த்துக்கொள்வார். ஊரிலிருந்து வந்த பாட்டி, சாப்பிட்ட கையோடு ஓடினதால்தான் வந்தது என்பார். கொய்யா விதை, தக்காளி விதை, தலைமுடி என்று ஆளுக்கொரு காரணம் கிடைக்கும். படுத்திருப்பவனுக்குத் தையல் வலியோடு, எல்லாம் தன் தப்புத்தான் என்ற குறுகுறுப்பும் சேர்ந்துவிடும்.

உணவுக்கும் இந்த நோய்க்கும் உறவு உண்டா, பருமனுக்கும் இதற்கும் உறவு உண்டா என்று மருத்துவ உலகம் நூறாண்டுக்கு மேலாகத் தேடிவருகிறது. இதுவரை கிடைத்த விடைகளைப் படித்துப் பார்த்தால், அந்தப் பையனைக் குற்றம் சொல்ல அவற்றில் பெரிய ஆதாரம் இல்லை. நோய் வருவதில் உணவுக்குப் பங்கு இருக்கலாம். ஆனால் வந்த நோய் முற்றி உயிரைத் தொடுவதற்குத் தாமதமே பெரிய காரணம். தமிழ்நாட்டின் இந்த எல்லை ஓரத்தில் அந்தத் தாமதம் எங்கே உண்டாகிறது என்பதைத் தட்டில் தேடினால் கிடைக்காது. ஷிப்ட் அட்டவணையிலும் சம்பளச் சீட்டிலும் தேட வேண்டும்.

முதலில் உறுப்பைப் பார்த்துவிடலாம். அடிவயிற்றின் வலப்பக்கத்தில், பெருங்குடலின் தொடக்கத்திலிருந்து தொங்கும் மெல்லிய குழாய்தான் குடல்வால். கிராமங்களில் ஒட்டுக்குடல் என்பார்கள். பெரும்பாலும் 6 முதல் 10 சென்டிமீட்டர் நீளம். ஒரு முனை பெருங்குடலுக்குள் திறக்கும், மறுமுனை மூடியிருக்கும். முட்டுச்சந்து போன்ற அமைப்பு. அதன் வாயை இறுகிய மலக்கட்டி அடைக்கலாம். ஏதோ ஒரு தொற்றில் சுவரின் நிணத்திசு வீங்கி அடைக்கலாம். அபூர்வமாகக் குடற்புழுவும் அடைக்கும். அடைபட்டதும் உள்ளே சுரக்கும் நீர் தேங்கி அழுத்தம் ஏறுகிறது, சுவருக்கு வரும் ரத்தம் குறைகிறது, கிருமிகள் பெருகுகின்றன, கடைசியில் சுவர் அழுகி ஓட்டை விழுகிறது. பழ விதை அடைத்து வந்ததாகப் பதிவானவை நூற்றில் ஒன்றுகூட இல்லை. சாப்பிட்டபின் ஓடுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. விதைக்குப் பயந்து கொய்யாவை ஒதுக்குவது நட்டம். 100 கிராம் கொய்யாவில் 8 கிராமுக்கு மேல் நார்ச்சத்து இருக்கிறது.

பாஸ்டன் நகரத்து ரெஜினால்ட் ஃபிட்ஸ் 1886-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான், வலப்பக்க அடிவயிற்றுச் சீழ்க்கட்டிகளின் ஊற்று குடல்வால் என்பது உறுதியானது. சீக்கிரமே அறுத்து எடுக்க வேண்டும் என்ற எண்ணமும் வலுப்பட்டது. அதையடுத்த ஆண்டுகளில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்நோய் மளமளவென்று கூடியது. 1902-இல் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவே இதனால் தள்ளிப்போனது. தொழிற்புரட்சி முதிர்ந்த நாடுகளில் பெருகி, ஆப்பிரிக்க, ஆசியக் கிராமங்களில் அரிதாகத் தென்பட்ட நோய் என்பதால் மருத்துவர்களின் பார்வை உணவின் பக்கம் திரும்பியது.

இந்த வரலாற்றில் நமக்கு நெருக்கமான பெயர் ராபர்ட் மெக்காரிசன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கில்கித் மலைப்பகுதியில் ராணுவ மருத்துவராக இருந்தவர். அங்கிருந்த ஆண்டுகளில் ஹன்சா மக்களிடம் குடல்வால் அழற்சியைத் தாம் பார்த்ததே இல்லை என்று 1921-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஆற்றிய உரையில் சொன்னார். தானியம், காய், பழம், பால் கொண்ட எளிய உணவே காரணம் என்பது அவர் முடிவு. பிறகு நீலகிரியில் குன்னூரில் ஆய்வுக்கூடம் நடத்தினார். இன்று ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அங்கிருந்து கிளைத்ததுதான். இந்தியாவின் பல பகுதி மக்களுடைய உணவை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் என்று சாப்பிட்ட 'சீக்கிய' எலிகள் நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பிய 'மதராஸி' எலிகள் கடைசி வரிசையில் நின்றன. தமிழ்நாட்டு மண்ணில் நடந்த இந்த ஆய்வை நம் பள்ளிப் பாடங்கள் சொல்லித்தராதது எனக்கு வருத்தம். ஆனாலும் ஒரு மருத்துவர் பார்த்ததில்லை என்பது அந்த நோய் அங்கே இல்லை என்பதற்குச் சான்றாகாது. மலைக்கிராமத்தில் வயிற்று வலியால் இறந்தவருக்கு என்ன நோய் என்று யார் எழுதி வைத்தார்கள்?

பிரிஸ்டல் நகரத்து அறுவை மருத்துவர் ரெண்டல் ஷார்ட் 1920-இல் இன்னும் தெளிவாக ஒரு கருத்தை முன்வைத்தார்: உணவில் நார் குறைந்ததால்தான் இந்நோய் பெருகியது. உகாண்டாவில் நெடுங்காலம் பணியாற்றிய டெனிஸ் பர்க்கிட் 1971-இல் அதே கருத்தை விரித்தெழுதினார். நார் குறைந்தால் மலம் இறுகும், குடலில் நகரும் நேரம் நீளும், மலக்கட்டி உருவாகும், அது குடல்வாலின் வாயை அடைக்கும் என்பது அவர் காட்டிய பாதை. கனடாவின் டொராண்டோவையும் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கையும் ஒப்பிட்டு 1985-இல் வந்த ஆய்வு, டொராண்டோ மக்களின் குடல்வாலில் மலக்கட்டி கூடுதலாக இருப்பதைக் காட்டியது. பர்க்கிட்டும் அதன் ஆசிரியர்களில் ஒருவர்.

இதோடு முடிந்திருந்தால் "ரோட்டுக்கடையில தின்னா" என்று சொன்னவர் வென்றிருப்பார். ஆனால் சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் பார்க்கர் குறுக்கிட்டார். இங்கிலாந்தில் நோய் ஏறிய காலத்தில் நார் உண்பது அதற்கேற்பக் குறையவில்லை, நோய் இறங்கிய காலத்தில் நார் கூடவுமில்லை என்று அவர் சுட்டிக்காட்டினார். அவருடைய வேறொரு விளக்கம் எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. நெருக்கடியான, சுகாதாரம் குறைந்த வீட்டில் பிறந்த குழந்தைக்குத் தொற்றுகள் சின்ன வயதிலேயே வந்துபோய்விடும். வீட்டுக்குக் குழாய்த் தண்ணீரும் குளியலறையும் வந்தபிறகு அதே தொற்றுகள் தள்ளிப்போய், வளர்ந்த பிள்ளைக்கு வருகின்றன. அப்போது குடல்வாலின் நிணத்திசு அளவுக்கு மீறி வீங்குகிறது. ஆக, வாழ்க்கை மேம்படும் இடைக்கால ஆண்டுகளே இந்நோய் பெருகும் ஆண்டுகள். பிரிட்டிஷ் குழந்தைகளின் வீட்டுக் குளியலறை வசதியையும் குடல்வால் அழற்சியையும் இணைத்துப் பார்த்த அவருடைய கட்டுரை 1988-இல் வந்தது.

அதே பார்க்கர் உணவை முற்றிலும் விட்டுவிடவும் இல்லை. இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் 59 பகுதிகளை ஒப்பிட்ட 1986 ஆய்வில், உருளைக்கிழங்கு அதிகம் உண்ட பகுதிகளில் நோய் கூடுதலாகவும், பச்சைக் காய்கறியும் தக்காளியும் அதிகம் உண்ட பகுதிகளில் குறைவாகவும் இருந்தது. குடலில் வாழும் கிருமிகளைக் காய்கறி மாற்றுவது காரணமாக இருக்கலாம் என்று அவர் கருதினார். கால் நூற்றாண்டு கழித்து, 2011-இல், அழற்சியுற்ற குடல்வால்களில் ஃபியூசோபாக்டீரியா என்ற கிருமி வகை பெருகியிருப்பதை பெர்லின் ஆய்வாளர்கள் கண்டார்கள். ராயக்கோட்டைச் சந்தையில் விலை விழும்போது தக்காளியைக் கூடை கூடையாகச் சாலையில் கொட்டும் மாவட்டத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

இந்த வாதங்களுக்கெல்லாம் உலக அளவில் ஒரு சித்திரம் 2017-இல் கிடைத்தது. கால்கரி பல்கலைக்கழகத்தின் கிலாட் காப்லானும் உடனுழைத்தவர்களும் பல நாட்டுப் புள்ளிவிவரங்களைத் தொகுத்தார்கள். மேலை நாடுகளில் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ 100 முதல் 150 வரை என்ற அளவில் நோய் நிலைகொண்டுவிட்டது. புதிதாகத் தொழில்மயமான நாடுகளிலோ ஏறிக்கொண்டிருக்கிறது: தென்கொரியாவில் லட்சத்துக்கு 206, சிலியில் 202, துருக்கியில் 160. நார் குறைந்த உணவு, நகர நெருக்கடி, மாறிய சுகாதாரம், புகை என்று எல்லாம் ஒருசேர வந்து இறங்கும் இடங்கள் இவை. இதே காப்லான் 2009-இல் கால்கரி நகரில், காற்றில் ஓசோன் கூடிய நாட்களை ஒட்டிக் குடல்வால் அழற்சியும் கூடியதாகக் காட்டியிருந்தார். ஓர் ஊர் தொழில் ஊராக மாறும்போது அங்குள்ளவர் வயிறும் மாறுகிறது. எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஓசூர் அப்படி மாறிய ஊர். ரோஜாவும் காய்கறியும் ராகியும் விளைந்த மேட்டுநிலம். 1970-களில் சிப்காட் வந்தது, 1980-இல் அசோக் லேலண்ட், அதையொட்டி டிவிஎஸ், பின்னர் டைட்டன். பெங்களூரு 40 கிலோமீட்டர்தான் என்பதால் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019-இல் ஓசூர் மாநகராட்சியானது. கடந்த சில ஆண்டுகளில் மின்வாகனத் தொழிற்சாலைகளும் செல்பேசி உதிரிபாகத் தொழிற்சாலைகளும் போச்சம்பள்ளி, சூளகிரி, உத்தனப்பள்ளி வரை பரவியிருக்கின்றன. தருமபுரி, திருவண்ணாமலை, ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் ஹாஸ்டலிலும் பங்கு அறைகளிலும் தங்கியிருக்கிறார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடல்வால் அழற்சி எந்த வயதிலும் வரலாம். ஆனால் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில்தான் மிகுதி. தொழிற்சாலைகள் தேடி எடுப்பதும் பதினெட்டிலிருந்து முப்பதுக்குள் உள்ளவர்களையே. அந்த வயதுப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் ஓர் இடத்தில் கொண்டுவந்து சேர்த்தால், உணவில் ஒரு கவளம் மாறாவிட்டாலும் அந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் குடல்வால் கேஸ் கூடத்தான் செய்யும். "முன்னல்லாம் இவ்வளவு இல்லையே" என்று ஊர்க்காரர் சொல்வதில் பரோட்டாவின் பங்கைக் கணக்கிடும்முன் இந்த வயதுக் கணக்கைக் கழித்தாக வேண்டும்.

அதற்காக உணவு மாறியதைச் சின்ன விஷயமாகவும் எண்ண முடியாது. தளி, அஞ்செட்டி, கெலமங்கலம் பக்கத்தில் இன்றும் வயதானவர்களின் உணவு ராகிக் களிதான். களி உருண்டையைக் குழித்து, அவரைக்கொட்டைக் குழம்போ கொள்ளுக் கடைசலோ கீரையோ ஊற்றி விழுங்குவார்கள். கன்னடம் பேசும் வீடு, தெலுங்கு பேசும் வீடு, தமிழ் வீடு என்ற வேறுபாடு இதில் இல்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் நார் 11 கிராம், கொள்ளில் ஏறத்தாழ 8 கிராம். தீட்டிய பச்சரிசியிலும் மைதாவிலும் 3 கிராம்கூட இல்லை. ஒருவருக்கு நாளுக்கு 30 கிராம் அளவில் நார் தேவை என்று அதே நிறுவனம் பரிந்துரைக்கிறது. இருவேளை களி சாப்பிட்டவருக்கு அது தானாகக் கிடைத்துவிடும்.

களி போனதற்கு நாக்கு மட்டும் காரணமில்லை. ரேஷனில் அரிசி மலிந்தது. 2011-இலிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. பசியைப் போக்கிய அந்தத் திட்டத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் மானாவாரி ராகிக்கு அதன்முன் நிற்க முடியவில்லை. 2023-இல் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் ராகி மிகுதியாக விளையும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஹாஸ்டல் சமையலறைகளுக்கும் தொழிற்சாலை கேன்டீன்களுக்கும் அது வந்து சேரவேண்டும் என்பது என் ஆசை.

இரண்டாம் ஷிப்ட் விடும் இரவு நேரத்தில் சிப்காட் சாலையோர வண்டிக்கடை முன் நின்றால் மற்றது புரியும். கல்லிலிருந்து எடுத்த பரோட்டா ஐந்தாறை ஒன்றாகச் சேர்த்து இரண்டு கையாலும் தட்டி உதிர்க்கிறார் மாஸ்டர். பக்கத்துச் சட்டியில் எக் ரைஸ் புரள்கிறது. சால்னா வாளியில் எண்ணெய் மிதக்கிறது. காய் என்று இருப்பது வெங்காயம் மட்டும். அடையாள அட்டை கழுத்தில் தொங்க நிற்கும் பையன் பத்து நிமிடத்தில் சாப்பிட்டு முடித்தாக வேண்டும். அறைக்குப் போனால் சமைக்க அடுப்பில்லை, அடுப்பிருந்தாலும் தெம்பில்லை. அந்த நேரத்தில் அந்த விலைக்கு அவனுக்குக் கிடைப்பது அதுதான். அசெம்பிளி லைனில் நிற்கும் பெண்கள் பலர், அடிக்கடி கழிப்பறைக்குப் போகக் கேட்கத் தயங்கித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். நாரும் இல்லை, நீரும் இல்லை என்றால் மலச்சிக்கல் வராமல் என்ன செய்யும்?

இனி பருமனுக்கு வருவோம். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் அதிக எடையோ பருமனோ உள்ள பெண்கள் 2015-16-இல் நூற்றுக்கு 30.9 பேர், 2019-21-இல் 40.4 பேர். ஆண்கள் 28.2-இலிருந்து 37 ஆனார்கள். சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் பருமன் வழிவிடுவது நிறுவப்பட்ட உண்மை. குடல்வால் அழற்சிக்கு அப்படிச் சொல்லும் வலுவான ஆதாரம் கிடையாது. ஒல்லியான பிள்ளைகளுக்கும் வருகிறது, பருத்தவர்களுக்கும் வருகிறது. நார் குறைந்த, மாவும் எண்ணெயும் மிகுந்த உணவு இடுப்பைப் பெருக்கும், மலத்தையும் இறுக்கும். வேர் ஒன்று என்பதால் இரண்டும் ஒருவரிடமே தென்படலாம். அதைப் பார்த்துப் பருமன்தான் நோயைக் கொண்டுவந்தது என்று முடிவுகட்டுவது அவசரம்.

பருமன் உண்மையில் தொல்லை கொடுக்குமிடம் ஸ்கேன் அறை. குடல்வால் வீக்கத்தை அல்ட்ராசவுண்டில் காணும் முறையை நெதர்லாந்தின் பைலார்ட் 1986-இல் விளக்கினார். வலி உள்ள இடத்தில் கருவியை வைத்து மெல்ல, படிப்படியாக அழுத்த வேண்டும். சாதாரணக் குடல் அழுத்தத்துக்கு நசுங்கி ஒதுங்கிவிடும், உள்ளிருக்கும் காற்றும் விலகும். அழற்சியுற்ற குடல்வால் மட்டும் நசுங்காமல், 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த வட்டமாகத் திரையில் நிற்கும். வயிற்றுச் சுவரில் கொழுப்பு தடித்திருந்தால் ஒலியலை உள்ளே போகும் வழியிலேயே மங்கிவிடும். எவ்வளவு அழுத்தினாலும் கருவி ஆழத்தை எட்டாது. "குடல்வால் தெரியவில்லை" என்று அறிக்கை வரும். குடல்வால் நன்றாயிருக்கிறது என்று அதற்குப் பொருளில்லை. ஆனால் கேட்கிற குடும்பத்துக்கு அப்படித்தான் காதில் விழுகிறது. நிம்மதியாக வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுகிறார்கள். கையால் அழுத்திப் பார்க்கும் மருத்துவருக்கும் அதே இடர்தான். அப்படிப்பட்டவருக்கு சி.டி. ஸ்கேன் வேண்டும், அல்லது ஆஸ்பத்திரியிலேயே வைத்து சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். திறந்து செய்யும் ஆபரேஷனில் பருத்தவருக்குத் தையலில் சீழ் வைக்கும் வாய்ப்பும் கூடுதல். துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறை அவர்களுக்கு நல்லது.

ஆக, பருமனும் கடைசியில் தாமதத்தில்தான் கொண்டுபோய் விடுகிறது. இந்த நோயில் நேரம் என்பது எவ்வளவு பெரிது என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் தொப்புளைச் சுற்றி மந்தமாக வலி தொடங்கும். பசி போய்விடும், குமட்டும், ஓரிரு முறை வாந்தி வரும். சில மணி நேரத்தில் வலி நகர்ந்து வலப்பக்க அடிவயிற்றில் நிலைகொள்ளும். இருமினால், குதித்தால், மேடு பள்ளத்தில் பைக் போனால் சுருக்கென்று குத்தும். லேசாகக் காய்ச்சல் அடிக்கும். ஒரு நாளுக்குள் வந்துவிட்டால் எளிய ஆபரேஷன். ஒன்றரை நாள், இரண்டு நாள் ஆக ஆக வெடிக்கும் ஆபத்து ஏறிக்கொண்டே போகும். வெடித்தால் வயிறு முழுக்கச் சீழ், வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி, சிலருக்கு உயிரே போகும். திடீரென்று வலி குறைந்தால் தேறிவிட்டது என்று நினைக்கக் கூடாது. குடல்வால் வெடித்த நேரமாகவும் அது இருக்கலாம்.

ஹாஸ்டலில் இந்த மணி நேரங்கள் எப்படிப் போகின்றன? தொப்புள் வலியை முதலில் எல்லாரும் கேஸ் என்கிறார்கள், இல்லாவிட்டால் சூட்டு வலி. மோர், சோடா, மெடிக்கலில் ஒரு மாத்திரை. இளம்பெண்ணாக இருந்தால் மாதவிலக்கு வலி என்று அறைத்தோழிகளே முடிவு செய்துவிடுகிறார்கள். அடுத்த நாள் லீவு போட்டால் சம்பளம் போகும், வருகைக்கான ஊக்கத்தொகையும் போகும். அதனால் வலிக்கு ஓர் ஊசி போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போகிறார்கள். வலி நிவாரணி வலியை மறைக்கும், உள்ளே நடப்பதை நிறுத்தாது. பிறகு எங்கே போவது என்ற கேள்வி. ஓசூர் அரசு மருத்துவமனையா, ஈ.எஸ்.ஐ.யா, எல்லை தாண்டிப் பொம்மசந்திராவா, பெங்களூருவா? எந்த அட்டை எங்கே செல்லும்? ஒடிசாவிலிருந்து வந்த பையன் தன் வலியை எந்த மொழியில் சொல்வான்? "வலி முதலில் எங்கே இருந்தது, எப்போது இடம் மாறியது" என்ற ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தாலே பாதி நோயறிதல் முடிந்துவிடும். அந்தப் பதில் மொழியில் தொலைந்துபோகிறது.

ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பலருக்குத் தங்கள் உரிமை தெரியவில்லை. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுபவர் ஊதியத்தில் 0.75 சதவீதம் பிடிக்கப்படுகிறது, முதலாளி 3.25 சதவீதம் செலுத்துகிறார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே மருத்துவம் பெறும் உரிமை உண்டு. நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும் என்பது அடுத்த உரிமை. இதற்கு ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பணப்பலன் தொடங்கவே ஒன்பது மாதம் ஆகும். ஒப்பந்தக்காரர் மாற மாற, ஊர்விட்டு ஊர் மாற மாற வேலை செய்யும் பிள்ளைக்கு அந்த ஒன்பது மாதம் நிறைவதே அரிது. அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் பயிற்சியாளராக எடுக்கப்பட்டவரோ ஈ.எஸ்.ஐ. கணக்கில் தொழிலாளியே அல்லர். திறந்த ஆபரேஷன் செய்தவர் நாலைந்து வாரம் கனம் தூக்கக் கூடாது. அந்த வாரங்களுக்கு யார் சோறு போடுவார்கள் என்ற கேள்வி, வலி தொடங்கும் இரவிலேயே அவன் தலைக்குள் ஓடத் தொடங்கிவிடுகிறது. அவன் அலட்சியமாக இருந்தான் என்று எழுதுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

இதனால்தான் "அறுக்காம மாத்திரையிலயே சரியாகுமாமே" என்ற ஆசை பரவுகிறது. அதில் உண்மை இருக்கிறது. பின்லாந்தில் நடந்த ஆய்வில், சிக்கலில்லாத குடல்வால் அழற்சிக்கு ஆன்டிபயாடிக் மட்டும் கொடுக்கப்பட்டவர்களில் ஐந்தாண்டுக்குள் 39 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொள்ள நேர்ந்தது, மற்றவர்கள் தப்பினார்கள். அமெரிக்காவின் 2020 ஆய்வில் 90 நாளுக்குள் 29 சதவீதம் பேருக்கு ஆபரேஷன் தேவைப்பட்டது. மலக்கட்டி இருந்தவர்களில் அது 41 சதவீதம். ஆனால் இவர்களெல்லாம் ஸ்கேனில் உறுதிசெய்யப்பட்டு, மருத்துவர் கண்காணிப்பில் இருந்தவர்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் இரண்டு நாள் மாத்திரைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மூன்று மாதத்தில் வேறு ஊருக்குப் போய்விடக்கூடிய ஒருவருக்கு இந்த வழியைச் சொல்லும்முன் மருத்துவர் இரண்டு முறை யோசிப்பது நியாயமே.

இந்த மாவட்டத்தில் செய்ய வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. அதற்கு முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. பார்க்கர் பின்னாளில், கருவில் கிடைக்கும் ஊட்டத்துக்கும் முதிர்வயது நோய்க்கும் உள்ள உறவைத் தேடியபோது, அவரைச் சேர்ந்தவர்கள் மைசூரின் ஹோல்ட்ஸ்வொர்த் மிஷன் மருத்துவமனைக்கு வந்தார்கள். 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடையை அங்கே செவிலியர்கள் பேரேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து நடுவயதை எட்டிய பிறகு தேடிப்பிடித்துப் பார்த்ததில், எடை குறைந்து பிறந்தவர்களிடம் இதய நோய் கூடுதலாக இருந்தது. 1996-இல் அது உலகறிந்த செய்தியானது. எல்லைக்கு அப்பால் ஒரு பேரேடு செய்த வேலை அது.

அப்படியொரு பேரேட்டை இங்கேயும் தொடங்கலாம். கிருஷ்ணகிரி அருகே போலுப்பள்ளியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அஞ்செட்டி மலையில் களி சாப்பிட்டு வாழும் குடும்பமும், அதே குடும்பத்தில் பிறந்து சிப்காட் ஹாஸ்டலில் மைதா சாப்பிடும் பேரனும் ஒரே மாவட்டத்தில் இருக்கிறார்கள். ரெண்டல் ஷார்ட்டுக்கோ பர்க்கிட்டுக்கோ கிடைக்காத வசதி இது. அவர்கள் நாட்டுக்கு நாடு ஒப்பிட்டார்கள், இங்கே ஒரே குடும்பத்துக்குள் ஒப்பிடலாம். குடல்வால் ஆபரேஷன் செய்யும் ஒவ்வொருவருக்கும் வயது, எடை, இடுப்பளவு, சொந்த ஊர், இங்கே வந்து எத்தனை மாதம், அன்றாடம் சாப்பிடுவது அரிசியா ராகியா மைதாவா, எடுத்த குடல்வாலில் மலக்கட்டி இருந்ததா, வெடித்திருந்ததா என்று ஆபரேஷன் தியேட்டர் பேரேட்டில் ஒரு வரி கூடுதலாக எழுதினால் போதும். அதே வரியில் இரண்டு நேரங்களையும் குறிக்க வேண்டும்: வலி தொடங்கிய நேரம், ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த நேரம். இடைப்பட்ட மணி நேரத்தில் அவர் எந்த ஷிப்டில் நின்றுகொண்டிருந்தார் என்பதையும் கேட்டு எழுத வேண்டும்.